கோட்டில் தைத்த டப்பா

புருல்சாவின் கண்பார்வை குறையக் குறைய, அவள் கணவர் ஷெர்காஜியின் கை சும்மா இருக்கவில்லை. டிராக்டர் பழுதுபார்க்கும் மனுஷர். எந்தக் குப்பையையும் விட்டுவைக்க மாட்டார். கழிப்பறை வரைக்கும் முற்றத்தில் முடிச்சுப் போட்ட கயிறு கட்டினார். கிண்ணத்தின் விளிம்பில் மாட்ட, கம்பியில் கோத்த ஒரு தக்கை செய்தார். தேநீர் பாதிக் கிண்ணம் வந்ததும் தக்கை எழும்பி அவள் விரலைத் தொடும்.

"பாதியோட நிறுத்திடு. விளிம்பு வரைக்கும் ஊத்தினா, கிளம்பச் சொல்றாங்கன்னு விருந்தாளி எழுந்து போயிடுவான்" என்று சிரிப்பார்.

"நீங்க பூனை மாதிரி வந்து நிக்கிறீங்களே, அதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தாள்.

மறுநாளே காலியான புகையிலைப் பொடி டப்பாவில் பேரிங் குண்டுகளைப் போட்டு, தன் கம்பளிக் கோட்டின் அடி மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டார். இடது காலை இழுத்து நடப்பவர். சலக், சர்ர்... சலக், சர்ர்... முற்றத்தில் எந்த மூலையில் நின்றாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"என்ன அண்ணே, அண்ணி உங்களுக்கு மணி கட்டிட்டாங்களா?" என்று பக்கத்து வீட்டு ஜோல்ச்சு கேலி செய்தான். அவருக்கு அதில் பெருமைதான்.

இலையுதிர் காலத்தில் மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தார். உடலைக் குளிப்பாட்டியவர்களுக்கு இறந்தவரின் துணிமணிகளைக் கொடுப்பது வழக்கம். நாத்தனார் சாகின்தான் பெட்டியைத் திறந்து பங்கிட்டாள். கோட்டு, குளிப்பாட்டியவர்களில் ஒருவனான ஜோல்ச்சுவுக்குப் போனது. சாவுக்காகப் போட்ட கூடாரத்துக்குள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த புருல்சாவுக்கு டப்பாவின் நினைவே வரவில்லை. வந்தபோது காரியம் கைமீறிவிட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் செத்தவருக்கே இழுக்கு. பாழாய்ப்போன வழக்கம்!

முதல் பனி விழுந்த காலையில் வெளிக்கதவு திறந்தது. சலக், சலக், சலக்.

கால் இழுபடவில்லை. செத்த பிறகு அவர் கால் சரியாகிவிட்டது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவசர அவசரமாக இரண்டு கிண்ணங்களை எடுத்து வைத்து, அவருடையதில் தக்கையை மாட்டினாள்.

"வந்துட்டீங்களா?"

"நான்தான் அண்ணி, ஜோல்ச்சு."

அவருக்கு வைத்த கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள்.

"இன்னைக்குத்தான் கோட்டை எடுத்துப் போட்டேன். குலுங்கினப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. டப்பாவை மட்டும் வெட்டித் தந்துடறேன் அண்ணி. கொடுத்தது கோட்டைத்தானே, டப்பாவை இல்லையே."

அவள் தடவிக் கோட்டின் மடிப்பைப் பிடித்தாள். குலுக்கினாள். மறுபடியும் குலுக்கினாள். தகரத்துக்குள் குண்டு உருண்டது, அவ்வளவுதான். அவர் அதில் இல்லை.

"வெட்டாதே. எனக்காக ஒண்ணு செய்டா. இடது காலை இழுத்து, தெருமுனை வரைக்கும் நட. திரும்பி வராதே. அப்புறம் பிரிச்சு எறிஞ்சாலும் சரி."

"அண்ணி..."

"நடடா."

ஜோல்ச்சு மூக்கை உறிஞ்சினான். பிறகு நடந்தான். சலக், சர்ர்... சலக், சர்ர்... முற்றம் தாண்டி, கதவு தாண்டி, தெருவில். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் ஓயும் வரை அழுதபடி கேட்டாள்.

உள்ளே வந்து அவருடைய கிண்ணத்திலிருந்து தக்கையைக் கழற்றினாள். விளிம்பு நிறைந்து விரல் சுடும் வரை தேநீரை ஊற்றினாள்.