அனுப்ரியாவின் இரண்டாம் கியர்

மைசூர் பன்னிமண்டபத்தில் எங்கள் லாரியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஸ்டியரிங்கில் என் மனைவி அனுப்ரியா, கிளீனர் சீட்டில் நான். வருஷக்கணக்காக ஓட்டியவன்தான் நானும். சர்க்கரை வந்து கண் மங்கியதும் லைசென்ஸ் போனது. அவள் போய் ஹெவி லைசென்ஸ் எடுத்துவந்தாள். எங்கள் ஊர் மார்டள்ளியில் சொந்தக்காரர்கள் என்னென்னவோ பேசினார்கள். பேசுகிற வாய்க்கு டீசலா செலவு?

நஞ்சன்கூட்டு மாட்டுத் தீவனக் கம்பெனியின் சூப்பர்வைசர் உமேஷ் மட்டும் மசியவில்லை. "மலை லோடுக்கு லேடீஸ் வேண்டாம்ணா" என்பான். அனு கேட்டுக்கேட்டு ஒரே ஒரு நடை வாங்கினாள். மாதேஸ்வரன் மலை ஏறி, பாலாறு வழியாக மேட்டூருக்கு இறங்க வேண்டும். பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தால் வாராவாரம் அந்த லோடு அவளுக்கு. இல்லையென்றால் ஆயுசுக்கும் மைசூர் ரிங் ரோடுதான்.

மலைமேல் டீக்கடையில், "டிரைவருக்கு" என்று முதல் கிளாஸை என் கையில் கொடுத்தார்கள். நானும் வாங்கிக் குடித்தேன். அனு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டயர்களைத் தட்டிப் பார்க்கப் போனாள்.

இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு மாற்றினாள். வண்டி முனகிக்கொண்டு ஊர்ந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏ புள்ளே, மூணுல போடு. மாட்டு வண்டியாட்டம் போவுது."

"ஏறயிலயும் ரெண்டு, எறங்கயிலயும் ரெண்டுதானுங். பிரேக்க மிதிச்சுட்டே போனா சூடாயிரும். அப்ப நீங்க ஊதி ஆத்துவீங்ளா?"

பின்னால் ஒரு டிப்பர் லாரி விடாமல் ஹாரன் அடித்தது. முந்தும்போது அதன் டிரைவர் தலையை நீட்டி, "அக்கா, கோலம் போட்டுட்டே வர்றீங்களா?" என்றான். எனக்குக் காது சுட்டது. அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சில வளைவுகள் தள்ளி அதே டிப்பர் நின்றிருந்தது. சக்கரத்தில் புகை, கருகல் நாற்றம். பாதி ரோட்டை அது அடைத்திருந்ததால் நாங்கள் அதன் பின்னால் நின்றோம். கீழேயிருந்து கோயிலுக்குப் போகும் மேட்டூர் பஸ் ஏறி வந்தது. டிப்பரைச் சுற்றித் திரும்ப, நாங்கள் நின்ற இடமும் அதற்கு வேண்டும். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஆகவே முழு லோடோடு நாங்கள் மேட்டில் பின்வாங்க வேண்டும். கால் பிசகி வண்டி முன்னால் உருண்டால், அங்கே பஸ் நிறைய ஜனம்.

நான் குதித்து முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். பயத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "அனு, நீ எறங்கு. நான் எடுக்கறேன்."

"நீங்க கட்டையப் புடிங். பஸ் கண்டக்டரு நம்ம வண்டிக்குப் பின்னால போய் விசிலடிக்கறாரு, எனக்கு அது கேட்டாப் போதும்."

கிளட்சைப் பாதி விட்டாள். இன்ஜின் அதிர்ந்தது. வண்டி ஒரு விரற்கடைகூட முன்னால் வராமல் பின்னால் ஏறியது. நான் கட்டையைச் சக்கரத்தோடு நகர்த்திக்கொண்டே போனேன். கடைசிவரை சக்கரம் அதன்மேல் சாயவே இல்லை. நான் ஓட்டிய காலத்தில் என் கட்டைகள் நசுங்காமல் வீடு திரும்பியதில்லை. என் பெண்டாட்டி என்று ரோட்டில் நின்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

பஸ் டிரைவர் கையை நெற்றிக்கு உயர்த்திவிட்டுப் போனார். டிப்பர்காரன் குடத்தோடு சக்கரத்தருகே நின்றான். அனு எட்டிப் பார்த்து, "தண்ணி ஊத்தாதீங் தம்பி, பிரேக் டிரம் வெடிச்சுரும். அதுவா ஆறட்டும்" என்றாள். கோலத்தைப் பற்றிக் கேட்கலாம் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

மேட்டூர் குடோனில் மூட்டை இறங்கி முடிந்தபோது உமேஷ் போன் செய்தான்.

"கந்தசாமியண்ணா, நிஜம் சொல்லுங்க. மலையில நீங்கதானே ஓட்டினீங்க?"

"நான் கிளீனரு, தம்பி. டிரைவரு கையலம்பறாங்க. லோடப் பத்தின்னா அவங்ககிட்டயே பேசுங்க."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அடுத்த லோடு செவ்வாக்கிழமைன்னு மேடம்கிட்ட சொல்லிடுங்கண்ணா" என்று வைத்துவிட்டான்.

குடோன் வாசலில் டீக்காரர் முதல் கிளாஸை என்னிடம் நீட்டி, "டிரைவருக்கு" என்றார். வாங்கி, குழாயடிக்கு எடுத்துப்போனேன்.

"டிரைவருக்காமா" என்றேன்.

அனு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிக் குடித்தாள்.