கீழ்த்தாடை

மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுப்பவள் என்பதால்தான் அண்ணி அவளைப் பிணவறைக்குள் அனுப்பினாள். "நீ போய்ப் பாரு. எனக்குக் கால் வரல. உனக்குத் தெரியாத எலும்பா?" என்று சொல்லிவிட்டு வெளியே சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

முந்தின நாள் வேலைக்குப் போன அண்ணன் வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடந்தது. லாரி மோதிய ஒருவரை, பர்ஸும் இல்லை போனும் இல்லை, ஊரில் பாதிப்பேர் போடும் வெள்ளைச் சட்டையோடு கொண்டுவந்து போட்டிருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஊழியர் துணியை விலக்கினார். வீங்கி, அகன்று, நடுவில் அமுங்கிப்போன முகம். அவர்கள் வீட்டு முகம் நீளம். கன்னம் இரண்டும் புடைத்து நிற்கும். கன்னத்தின்மேல் காபி டம்ளரே வைக்கலாம் என்று அண்ணன் அவளையும் தன்னையும் சேர்த்தே கேலி செய்வான். இங்கே வைப்பதற்கு மேடே இல்லை.

"எங்க அண்ணன் இல்ல. கன்ன எலும்பே வேற" என்றாள். குரல் வகுப்பில் பேசுவதுபோல் நிதானமாக இருந்தது. ஊழியர் மறுபேச்சில்லாமல் துணியை மூடினார்.

அண்ணி அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, நாத்தனாரே நேரில் பார்த்துவிட்டாள், அது அவர் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வந்ததும் முகம் கழுவி, நேற்றிலிருந்து சாப்பிடாதவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். "வரட்டும். எங்க சுத்திட்டு வராருன்னு வாசல்லயே நிக்க வச்சுக் கேக்குறேன்" என்று சிரிக்கக்கூடச் செய்தாள்.

அந்தச் சிரிப்பைத் தாங்கமுடியாமல் அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தபோது விரல்கள் கன்னத்து மேட்டில் நின்றன.

வருடா வருடம் அவள் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: கன்ன எலும்பு முக்காலி மாதிரி. கால் ஒடிந்தால் முகம் உட்கார்ந்துவிடும், பெற்றவளுக்கே ஆள் தெரியாது. அப்போது கீழ்த்தாடையைப் பாருங்கள். மண்டையோட்டோடு ஒட்டாமல் தனியே அசையும் எலும்பு அது. மேலே எல்லாம் நொறுங்கினாலும் சில நேரம் அது மட்டும் தப்பித்துக் கிடக்கும்.

பிணவறையில் இதை மறந்துபோயிருந்தால்கூடப் பரவாயில்லை. பழக்கதோஷத்தில் அவள் முதலில் பார்த்ததே கீழ்த்தாடையைத்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கீழ்வரிசையில் ஒரு முன்பல் பக்கத்துப் பல்லின் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அண்ணனுக்கும் அவளுக்கும் அதே இடத்தில் அதே பல் அப்படித்தான். பார்த்தாள், பார்த்த வேகத்தில் கண்ணைக் கன்னத்துக்கு ஏற்றினாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு எலும்பு வேண்டியிருந்தது.

குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

"அண்ணி, கிளம்புங்க. இன்னொரு தடவை பாக்கணும்."

"எதுக்கு? நீதான் பாத்துட்டியே."

"பாத்தேன் அண்ணி. பாத்துட்டுத்தான் மாத்திச் சொன்னேன்."

அண்ணி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பிணவறையில் அண்ணி பல்லைப் பார்க்கவில்லை, கன்னத்தைப் பார்க்கவில்லை. துணி விலகியதுமே தாடையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். கையை எடுக்காமலே, "தப்பு என்னோடதுதான். கூடப் பொறந்தவள உள்ள அனுப்பிட்டு நான் வெளிய உக்காந்தேனே" என்றாள்.

திட்டியிருக்கலாம். அறைந்திருந்தால் இன்னும் நல்லது.

திரும்பும்போது அண்ணியிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள். காலையில் அண்ணி யார் யாருக்குச் சொன்னாளோ அவர்கள் ஒவ்வொருவரையும் அவளே அழைத்தாள். இல்லை என்றார்களே, அப்படிச் சொன்னது யார் என்று எல்லோரும் அதையேதான் கேட்டார்கள்.

"நான்தான்" என்றாள், ஒவ்வொருவரிடமும்.