சந்தையில் பிடித்த வடக்கு வெளிச்சம்

வடக்கு வெளிச்சத்தை வியாழக்கிழமைச் சந்தைக்குத்தான் ஓட்டி வருகிறார்கள். மற்ற நாட்களில் போய் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். முப்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். இதை விசாரிக்காமல் வேன் ஏறவில்லை.

தை மாதம் அந்தியூரிலிருந்து ஒன்பது பேர் கிளம்பினோம். நேராக வடக்கே விட்டால் நாலாம் நாள் பனி வந்துவிடும். அங்கே குளிர்காலம் முழுக்க வெயில் கிடையாது. அதனால் வெளிச்சத்துக்கு விலையாக நம் ஊர் மத்தியானத்தைக் கேட்கிறார்கள். கொடுத்தால் அன்றைக்கு நமக்கு உச்சிவெயில் வராது, அவ்வளவுதான்.

என் தங்கை பாவாயி வெளிச்சம் பார்க்க வரவில்லை, என்னைக் காவல் காக்க வந்தாள். வேகவைத்த மஞ்சளைக் களத்தில் காயப்போட்டிருந்தாள்.

“ரெண்டு மத்தியானத்துக்கு மேல குடுத்தீங்கன்னா என்ற மஞ்சளு பூசணம் பூத்துப் போயிருமுங்ணா. அத வித்துத்தான் கெணத்த ஆழப்படுத்தோணும்.”

“ஒண்ணுல முடிக்கறன் அம்மிணி. நீ பேசாம வா.”

“மச்சான் பேசுனா மாட்டுக்காரன் செருப்பையும் சேத்து உட்டுட்டுப் போவான்,” என்றார் அவள் வீட்டுக்காரர் செங்கோடன். பாவாயி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அடுத்த இரண்டு நாள் மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை.

சந்தையில் பகல் பதினொரு மணிக்கு நல்ல இருட்டு. இருபது வெளிச்சங்களை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். பாதிக்கு மேல் விலா எலும்பு தெரிகிற பச்சை. ஓரத்தில் சிவப்பு ஓடிய ஒன்று மட்டும் லட்சணமாக இருந்தது. உதட்டைத் தூக்கிப் பல் பார்த்தேன். சுழி பார்த்தேன். குறையில்லை. உடைமைக்காரர் பெயர் ஊலவ். தோல் தொப்பி, குறைந்த பேச்சு.

பார்த்துவிட்டு வர ஒரு மத்தியானம் என்பதுதான் என் எண்ணம். எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துச் சொல்ல வேண்டும். அங்கேயும் அதே வழக்கம். துண்டைப் போட்டோம். ஊலவ் என் கையில் மூன்று அழுத்தினார். கையை உதறிவிட்டு, அவருடைய மூன்று தலைமுறையையும் திட்டிக்கொண்டு பத்தடி நடந்தேன். கூப்பிட்டார். திரும்பி வந்து ஒற்றை விரலை நீட்டினேன். இறுகப் பிடித்துக் குலுக்கினார். முடிந்தது.

கயிற்றை என் கையில் கொடுத்தபோதுதான் பார்த்தேன். குளிருக்கு நான் மாட்டியிருந்தது கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் உள்ள உறை. மற்ற நாலு விரலும் ஒரே பைக்குள் கிடந்தன. நான் நீட்டியது ஒரு விரல், அவர் பிடித்தது முழுக் கை. முழுக் கை என்றால் ஐந்து மத்தியானம், உருப்படி கயிற்றோடு நமக்கு.

“யோவ், உள்ள ஒத்த வெரலத்தான்யா நீட்டுனேன்.”

ஊலவ் துண்டை மடித்து என் தோளில் போட்டார். துண்டை எடுத்தபின் பேச்சை மாற்றினால் அப்புறம் எந்தச் சந்தையிலும் தலை காட்ட முடியாது.

“அஞ்சுங்களா?” என்றாள் பாவாயி.

“அஞ்சுதான்.”

“வெரல எண்ணத் தெரிஞ்ச ஆரையாச்சும் கூட்டிட்டு வந்திருக்கலாம்.”

வெளிச்சத்தை வேன் கூரையில் கட்டிக்கொண்டு திரும்பினோம். சோதனைச் சாவடிகளில் கறவையா என்று மட்டும் கேட்டார்கள்.

ஊர் சேர்ந்த நாளிலிருந்து மத்தியானம் பிடிக்கப்பட்டது. பதினொரு மணிக்கு இருட்டும், மூன்று மணிக்கு விடியும். இரண்டாம் நாள் பாவாயி ஒரு மஞ்சளை எடுத்து முகர்ந்து பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். நமத்துப்போன சாக்கு வாசம். அதை என் கையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

மூன்றாம் நாள் வெளிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்று கயிற்றை அவிழ்க்கப் போனேன். பாவாயி வைக்கோலோடு குறுக்கே நின்றாள்.

“தள்ளி நில்லுங்ணா. கண்ணு போடப் போவுது.”

அரை மணியில் கன்று விழுந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு மத்தியானம். கால் நடுங்க எழுந்து நின்றது. தாய் நக்க நக்க வெயில் ஏறியது. பாவாயி அதைக் களத்தின் நடுவில் முளையடித்துக் கட்டினாள். மஞ்சள்மேல் அது சுற்றிச் சுற்றி வந்தது. ஆறாம் நாள் ஒரு மஞ்சளை ஒடித்துக் காட்டினாள். கணீரென்று உடைந்தது.

அதற்குப் பிறகுதான் என்னோடு முகம் கொடுத்துப் பேசினாள். சீம்பாலைக் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள், எனக்கும் அரை டம்ளர் கிடைத்தது. குடித்தவர்கள் வாயைத் திறந்தால் பச்சையாக வெளிச்சம் விழுந்தது. அன்று சாயங்காலம் கரண்டு போனது. மாப்பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, நிறுத்தாமல் பேசச் சொல்லி, முகச்சவரம் செய்துகொண்டேன்.