கல்லில் கொஞ்சம் இடம்

“உங்கப்பா இந்தக் கல்லுல பாதிய ஏன் சும்மா வுட்டு வச்சிருக்காரு?”

“அது அவுரு பேருக்குத்தான். எங்கம்மா பேருக்குக் கீழ அவுரு பேரு இருக்கணுமாம். உசுரோட இருந்தப்ப பொழுதன்னிக்கும் சண்டை, செத்தப்புறம் ஜோடி!”

“மெதுவா பேசுங்க, மாமா காதுல வுழப்போவுது.”

“எனக்கும் அதுல கொஞ்சம் எடம் குடுப்பாரான்னு கேட்டுச் சொல்லேன் மேரி.”

“மொதல்ல வாயைக் கழுவுங்க.”

தாவீது சிரித்துக்கொண்டே, கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து, அவள் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தான். அது எழுபதாம் வருஷத்துக் கல்லறைத் திருநாள். லீவு முடிந்து பட்டாளத்துக்குப் போனவன், மறுவருஷம் டிசம்பரில் கிழக்கு எல்லையில் நடந்த சண்டையில் செத்துப்போனதாகத் தந்தி வந்தது. உடம்பு வரவில்லை.

மாமனார் சின்னப்பன் அந்தத் தந்தியைக் கையால்கூடத் தொடவில்லை. “தந்தி அடிச்சவன் கண்ணால பாத்தானா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பர்மா சண்டையில் அவரையும் செத்தவர் கணக்கில்தான் சேர்த்திருந்தார்கள். காட்டு வழியாக நடந்தே திரும்பி வந்து, பெரிய காஞ்சிபுரத்தில் தன் வீட்டுக் கதவைத் தட்டி, தனக்காக அழுதுகொண்டிருந்த பெண்டாட்டியிடமே தண்ணீர் கேட்டுக் குடித்த மனிதர். “எம்புள்ளையும் தட்டுவான்” என்றார். மகனுக்காகப் பூசை வைக்கக் கூடாது, அவன் பேரை எந்தக் கல்லிலும் வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மேரி தறிக்காரர் வீடுகளுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்து வீட்டை ஓட்டினாள். நூல் ஓடும்போதெல்லாம் அந்தச் சுண்ணாம்புப் பொட்டு நினைவுக்கு வரும். கல்லில் இடம் கேட்டது விளையாட்டாய்ச் சொன்னதுதான். ஆனால் அவன் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். மாமனாரிடம் சொல்லப் போனால் அவர் நம்பிக்கையைக் கையால் பிடுங்கிப் போடுவதுபோல் ஆகும். சொல்லாவிட்டால், அழுவதற்குக்கூடத் தாவீதுக்கென்று உலகத்தில் ஓர் இடம் இல்லை. வருஷா வருஷம் மாமியார் ஆரோக்கியம்மாளின் கல்லறையில், கல்லுக்குப் பின்னால் மறைவாக ஒரு மெழுகுவத்தி அதிகமாய் ஏற்றி வைப்பாள். சின்னப்பன் பார்ப்பார், ஏன் என்று கேட்க மாட்டார்.

இந்த வருஷமும் அவர் பழைய காக்கிக் கோட்டைப் போட்டு, பர்மா மெடல்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தியும் ஊதுவத்தி வாசனையும். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக வந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான், நெற்றியில் திருநீறும் கையில் மந்தாரை இலைப் பொட்டலமுமாக ஒருவன் காலை லேசாக இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாகக் குனிந்து குனிந்து படித்துக்கொண்டு வந்தான். சின்னப்பனின் மெடல்களைப் பார்த்ததும் நிமிர்ந்து சல்யூட் அடித்தான்.

“நைனா, மதராஸ் ரெஜிமென்ட் தாவீது கல்லறை எதுன்னு தெரியுமா? தாமல் ஊரு பரசுராமன் நானு. அவன்கூட ஒரே கம்பெனி. போன மாசந்தான் பட்டாளத்துலேர்ந்து வந்தேன்.”

மேரியின் கையிலிருந்த தீக்குச்சி அணைந்தது.

“நான் அவன் அப்பன்” என்றார் சின்னப்பன். “அவனுக்குக் கல்லறை கெடையாது.”

பரசுராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்ற பதற்றத்தில், ஆரோக்கியம்மாளின் கல்லறைமேல் பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். கோயில் இட்லி. பக்கத்தில் ஒரு பீடியையும் வைத்துவிட்டு, மரத்தைப் பார்த்து, “கா... கா...” என்று கூப்பிட ஆரம்பித்தான்.

அடுத்த கல்லறைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “யோவ், இது என்னா உங்க அமாவாசையா?” என்று ஒரு குரல் வந்தது.

“நாங்க இப்படித்தாங்க கூப்புடுவோம். அவனுக்கு வரதர் கோயில் இட்லின்னா உசுரு” என்றான் பரசுராமன், கூச்சத்தோடு. “நான்தாங்க அவனுக்கு மண்ணு தள்ளினேன். இங்க ஊர்ல ஒரு கல்லாச்சும் நட்டிருப்பீங்கன்னு நெனச்சி வந்தேன்.”

சின்னப்பன் அவனையே பார்த்தார்.

“நீ பாத்தியா?”

“என் மடியிலதான் போனான் நைனா.”

மேரி மாமனாரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறவில்லை.

“எங்க வச்சீங்கபா?” என்றார்.

“ஒரு ஆத்தங்கரை மேட்டுல. மூங்கில ஒடைச்சி நான்தான் சிலுவை கட்டினேன். ஜெபம் சொல்லணும், ஆனா எங்க யாருக்கும் உங்க ஜெபம் தெரியல. சும்மா வுட்டுட்டுப் போவ மனசு வரல. அதனால...” அவன் நிறுத்தினான்.

“அதனால?”

“எல்லாரும் சேந்து மூணு தபா கோவிந்தா போட்டோம்.”

சின்னப்பனின் மெடல்கள் குலுங்கின.

“எம்புள்ளைக்கு... கோவிந்தாவாடா போட்டீங்க?”

“சத்தமா போட்டோம் நைனா” என்றான் அவன் பயந்துகொண்டே.

சின்னப்பன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவருக்கே தெரிந்திருக்காது. மூன்று வருஷமாக அழாத மனிதர் பரசுராமனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “தனியா வுடல, எம்புள்ளைய தனியா வுடல” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர்கள் பார்க்காதபோது ஒரு காகம் இறங்கி வந்து, இட்லியில் ஒரு விள்ளலைக் கொத்திக்கொண்டு பறந்தது.

சின்னப்பன் கண்ணைத் துடைத்தார். அதே துண்டால் கல்லைத் துடைக்க ஆரம்பித்தார். பெண்டாட்டியின் பேரைத் துடைத்தார். கை கீழே இறங்கி, எழுத்தில்லாத அந்தப் பாதியில் வந்து நின்றது. அங்கிருந்து நகரவில்லை.

மேரி அணைந்துபோன குச்சியைப் போட்டுவிட்டு, வேறொன்றைக் கிழித்து அந்த அதிகப்படி மெழுகுவத்தியை ஏற்றினாள். பின்னால் மறைவாக வைக்காமல், கல்லுக்கு நேர் முன்னால் வைத்தாள்.

“மாமா, அவுரு உங்களை ஒண்ணு கேக்கச் சொன்னாரு. நான்தான் இத்தினி நாளா கேக்கல” என்றாள். “அத்தை கல்லுல உங்களுக்குன்னு வுட்டு வச்சிருக்கீங்களே, அந்த எடத்துல அவுருக்கும் கொஞ்சம் குடுப்பீங்களா?”