மேலே இன்னும் ஒருத்தன்

“எம் மக பத்தாயிரம் அடி ஒசரத்துல ஆளுகளத் தள்ளிவிட்டு, அவிங்க தரைக்கு வந்து சேர்றதுக்குள்ள கீழ வந்து டீயக் குடிச்சு, டம்ளரையும் கழுவிக் கவுத்திருவா!”

மினிபஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற கோட்டைச்சாமி, பரளச்சி டீக்கடையில் மூன்று வருஷமாகச் சொல்லிவந்த பேச்சு இது. முந்தாநாள் ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸிடமும் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில் நோயாளிகள் பாதிப் பேருக்குக் குணமாகிவிட்டதாம். இன்று குளிர்பெட்டிக்குள் படுத்திருக்கிறார். உதட்டைப் பார்த்தால் அடுத்த புளுகுக்கு மூச்சுப் பிடிப்பதுபோல்தான் இருந்தது.

நீர்மாலைக்குப் புறப்பட வேண்டும். அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் குடம் ஒரே மகளான நாகஜோதியின் கையில் இருந்தது. அவள் கண் தாய்மாமன் மாரிக்கண்ணனைத் தேடியது. அப்பா கடைசியாகப் போனில் பேசியது அவரைப் பற்றித்தான்.

“ஊரு நம்பாட்டிப் போகுது தாயி. ஒருக்கா ஒம் மாமன் வாயால ஆமான்னு வரணும்.”

ஏனென்றால், வடநாட்டுக் கடுகு வயல்களுக்கு நடுவில் அவள் விமானம் ஓட்டிய ஓடுதளத்துக்கு அப்பாவோடு போய் நின்றவர் மாரிக்கண்ணன் ஒருவர்தான். ஆனால் டீக்கடையில் சாட்சிக்கு இழுத்தால், “எனக்கென்னய்யா தெரியும்? நா பயந்துபோயி துண்டப் போட்டு மூஞ்சிய மூடிக்கிட்டேன்” என்பார். அவ்வளவுதான். “ஏலே மாப்ளே!” என்று கோட்டைச்சாமி தொடையில் தட்டுவார், கடைக்கார மதார் மைதீனிடம் இன்னும் ரெண்டு டீ சொல்லிவிட்டு, ரயில் ஏறியதிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் விமானம் கொஞ்சம் கூடுதல் உயரம் போகும். கடைசித் தடவை நிலாவுக்கு முந்தின ஸ்டாப்பில் ஆள் இறக்கியது.

நாகஜோதி சொல்லியும் எடுபடவில்லை. “கோட்டைச்சாமி மக வேறெப்படிச் சொல்லும்?” என்றது ஊர்.

பந்தல் ஓரத்தில் மாமா அகப்பட்டார்.

“மாமா, நெசமாவே நீங்க பாக்கலையா?”

“என்னத்த?”

“என்னத்தன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“மச்சான் வாயி சும்மா கெடக்குமா தாயி? அளந்துட்டுப் போயிட்டாரு.”

“அப்ப எங்கப்பா புளுகராவே காட்டுக்குப் போகட்டுமா?”

மாரிக்கண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். கொட்டுக்காரர்களைப் பார்த்து, “கெளம்புங்கப்பா” என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன், பாராசூட் கட்டிக் குதிக்கிறவர்களை அவள் முதல்முதலாகத் தனியே மேலே கொண்டுபோன நாள் அது. பழக்கிக்கொடுத்தவர் இறங்கிக்கொண்டு, “இனி நீயே போ” என்றுவிட்டார். கதவைக் கழற்றிவைத்திருந்த அந்தச் சின்ன விமானத்தை அப்பா சுற்றிச் சுற்றி வந்தார்.

“எங்க மினிபஸ்ஸுக்கே கதவு உண்டு தாயி. இதுக்கு எவன் எஃப்.சி. குடுத்தான்?”

சொல்லிக்கொண்டே மூன்று சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். குதிக்கிறவர்கள் வரிசையாக வந்து ஏறியதும் அவருக்குத் தாங்கவில்லை. “எறங்குறதுக்குன்னே காசு குடுத்து ஏறுறாய்ங்களே! நம்ம ரூட்டுல ஒருத்தன எறக்குறதுக்குள்ள தாலி அறுந்துரும்!”

மேலே போனதும் எல்லாரும் வாசல் பக்கம் நெருக்கினார்கள். பின்பாரம் கூடி விமானம் மூக்கைத் தூக்கியது. ஓட்டும் பிடியை முன்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசி ஆள் புதுசு. கம்பியை விடாமல் தயங்கி, பிறகு அவனும் போனான். விமானம் லேசாகிவிட்டது. திறந்த வாசலில் காற்று மட்டும். அவள் தனியாக இருந்தாள்.

மூக்கைக் கவிழ்த்துச் சுழன்று இறங்கியபோது, மஞ்சள் வயல்களின் ஓரத்தில் வெள்ளை வேட்டிப் புள்ளி ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் புள்ளி அசையவேயில்லை. இறங்கிய பிறகுதான் தெரிந்தது, மாமா முகத்தில் துண்டு.

விமானத்தின் விசிறி நின்றதும் அப்பா தடுப்புக் கயிற்றைத் தாண்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கோடு ஓடிவந்தார். எவர்சில்வர் டம்ளரில் டீ. குடித்துவிட்டு நீட்டினாள். ஒரு கை வாங்கிக்கொண்டது. யார் என்று பார்க்கவில்லை. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருணி வறண்டு கிடந்ததால் தொட்டிக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்கள். குடத்தைத் தலையில் ஏற்றியதும், அவளுக்கு மேலே நான்கு பேர் வெள்ளை வேட்டியை நான்கு மூலையிலும் பிடித்தார்கள். ஒரு மூலையில் மாரிக்கண்ணன். பக்கத்தில் மதார் மைதீன் நடந்தார்.

கரிசல் காட்டைத் தாண்டும்போது அடித்தது ஒரு காற்று. வேட்டி குப்பென்று உப்பி எழுந்தது. “இழுத்துப் பிடிங்கப்பா!” என்று பின்னால் கத்தினார்கள். மற்ற மூவரும் இழுத்தார்கள். மாரிக்கண்ணன் மட்டும் இழுக்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு அண்ணாந்து நின்றார்.

“இப்பிடித்தான் விரிஞ்சிருந்துச்சு” என்றார்.

“என்னது?” என்றார் மதார் மைதீன்.

“குடை. மேல இன்னும் ஒருத்தன் தொங்கிக்கிட்டிருந்தான் பாய். இந்தப் புள்ள கீழ நின்னு டீ குடிக்குது.”

“நீங்கதேன் துண்டப் போட்டு மூடிட்டீகளே?”

“பழைய துண்டு. இழை விட்டுக் கெடந்துச்சு. எல்லாம் தெரிஞ்சுச்சு.”

கொட்டுச் சத்தம் முன்னால் போய்விட்டது. நாகஜோதி திரும்பவில்லை. குடம் தளும்பி, தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

“அப்பறம் என்னத்துக்குய்யா மூணு வருசமா இல்லேன்னீக?”

“ஆமான்னுட்டா மச்சான் மறுபடி ரயிலேறுனதுல இருந்து சொல்லுவாரா பாய்?” என்றார் மாரிக்கண்ணன். கொஞ்ச தூரம் நடந்தபின், யாரிடமோ சொல்வதுபோல், “டம்ளர நாந்தேன் வாங்குனேன். கழுவிக் கவுத்ததும் நாந்தேன்” என்றார்.

வேட்டி இன்னொரு தரம் நன்றாக உப்பி, மெல்ல மெல்ல இறங்கியது.