வெட்டிப்போட்ட நம்பர்

கார்களின் தகடு வேலை பார்க்கும் டிங்கருக்கு மாமியார் மேல் பயம் என்று சொல்வதைவிட, மாமியாரின் வண்டி மேல் பயம் என்று சொல்வதுதான் சரி. வட்ட விளக்கும் உருண்ட முதுகும் கொண்ட பழைய கார் அது. அந்த அம்மா அதை வைத்துத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். பக்கத்து சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. துருவேறி ஓரம் கட்டிய வண்டியின் சாவியை ஒருநாள் மருமகனிடம் நீட்டி, "மாப்பிள்ளை, நீங்க கை வெச்சா ஓடிடும். மறுபடி கிளாஸ் ஆரம்பிக்கணும்" என்றார். பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோதுகூட அவர் முகம் அவ்வளவு இறுகியிருக்கவில்லை.

டிங்கர் உயிரைக் கொடுத்து வேலை செய்தான். கதவுகளின் அடிப்பகுதியை மாற்றினான். தரைத் தகட்டுக்கு ஒட்டுப் போட்டான். எஞ்சினுக்கும் ஓட்டுபவர் காலுக்கும் நடுவில் நிற்கும் தடுப்புத் தகடு மட்டும், விரலால் குத்தினால் மறுபக்கம் வரும் நிலையில் இருந்தது. அதைக் கிரைண்டரால் அறுத்து எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் வைத்தான். வெல்டிங் கோடு தேடினாலும் தெரியாது. தன் கையைத் தானே மெச்சிக்கொண்டான்.

மறுநாள் அவன் மனைவி ஷெட்டுக்கு வந்தாள். "இன்சூரன்ஸுக்கு சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பணுமாம். எங்கேங்க இருக்கு?"

"இங்கதான்..." என்று காட்டப் போனவனின் கை பாதியில் நின்றது. வண்டிக்கு அடையாளமாகக் கம்பெனி அடிக்கும் அந்த நம்பர், இந்த மாடலில் இருப்பது தடுப்புத் தகட்டில். ஏழெட்டுப் பூச்சு பெயிண்டுக்கு அடியில் அது மூழ்கிக் கிடந்ததால் கண்ணில் படவே இல்லை.

அறுத்த தகட்டைப் போட்டிருந்த பழைய இரும்புக் கடைக்கு ஓடினான். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "காலையிலேயே லோடு ஏறிடுச்சே. இந்நேரம் உருகிக் குழம்பாகியிருக்கும்."

பக்கத்து ஷெட் மெக்கானிக் இதைக் கேட்டுச் சிரித்தான். "இதுக்கா இப்படி முழிக்கிறே? எங்கிட்ட எண் அச்சு இருக்கு. ஆர்.சி. புக்கைப் பார்த்து வரிசையா தட்டு. மேல பெயிண்ட் அடி. எவனுக்குத் தெரியும்?"

டிங்கர் அச்சுகளை வாங்கிவந்தான். முதல் எண்ணைத் தகட்டில் வைத்துச் சுத்தியலையும் ஓங்கிவிட்டான். இந்த வண்டியில் இனி முன்பின் தெரியாத பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். என்றைக்காவது ஒருநாள் யாராவது சுரண்டிப் பார்த்தால், திருட்டு வண்டி என்று பெயர் வரப்போவது அத்தைக்கு. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நேரே மாமியார் வீட்டுக்குப் போனான்.

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை மடிப்பதை நிறுத்தவில்லை.

"அத்தை, ஏதாவது சொல்லுங்க."

"சொல்லி என்ன, அறுத்தது ஒட்டவா போகுது? நடங்க, இன்ஸ்பெக்டரைப் பார்ப்போம்." அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் கசந்தது. வாகனப் பதிவு அலுவலகத்து இன்ஸ்பெக்டருக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். அத்தையிடம் ஓட்டக் கற்ற பிள்ளைகளில் பாதிப் பேரை லைசன்ஸ் டெஸ்டில், ரிவர்ஸ் சரியில்லை என்று பெயிலாக்கிய மனுஷன்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பதால் மெக்கானிக்கின் வேன் கயிறு கட்டி இழுக்க, அத்தை ஸ்டீயரிங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து வர, கார் அலுவலக முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்ஸ்பெக்டர் புதுத் தகட்டைத் தடவிப் பார்த்தார். "யாரு வெட்டினது?"

"நான்தான் சார். வெட்டறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்திருக்கணும்."

"வந்திருக்கணும். நல்லவேளை, நீயா ஒரு நம்பரை அடிச்சுக்கிட்டு வரலை. வந்திருந்தா வண்டி இந்த முற்றத்தைத் தாண்டியிருக்காது." சட்டைக் கையை மடித்தபடி குனிந்தார். "புக்கை மட்டும் நம்பி நான் புது நம்பர் அடிக்க விட முடியாது. வண்டியே சாட்சி சொல்லணும். சில வண்டிகள்ல சீட்டுக்குக் கீழே ஓடற இரும்புச் சட்டத்துலயும் கம்பெனி நம்பர் அடிச்சிருக்கும். அந்தச் சட்டத்தையும் மாத்திட்டியா?"

"மாத்தலை சார். ஆனா துரு பிடிக்காம இருக்கக் கறுப்பு பெயிண்டைக் கனமா அப்பியிருக்கேன்."

"அப்பினதை நீயே எடு."

சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தின்னரும் துணியுமாகக் குப்புறப் படுத்தான். கறுப்பு போனது. அடியில் சாம்பல் நிறம். அதுவும் போனது. பித்தளை பிரஷால் மெல்லத் தேய்க்கத் தேய்க்க ஒரு ஏழு தெரிந்தது, பிறகு ஒரு மூன்று. கடைசி எண்களைத் துரு அரித்து மேடு பள்ளம் தெரியாமல் செய்திருந்தது. அவன் கை ஓய்ந்துவிட்டது.

"தள்ளு" என்று இன்ஸ்பெக்டரே வெள்ளைச் சட்டையோடு உள்ளே நுழைந்தார். மெல்லிய தாளை அந்த இடத்தில் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். கண்ணுக்குத் தெரியாதது தாளில் வெள்ளைக் கோடுகளாக ஏறியது. புக்கை வாங்கி ஓர் எழுத்து விடாமல் ஒத்துப் பார்த்தார்.

"இதே வண்டிதான்மா" என்றார்.

அத்தை புடவைத் தலைப்பால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து மாட்டியதும் மறுபடி துடைத்தார்.

அனுமதி வர ஒரு வாரம் பிடித்தது. அதே முற்றத்தில், இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்க, டிங்கர் புதுத் தகட்டில் நம்பரை அடித்தான். ஓங்கிய கை இந்த முறை தயங்கவில்லை. அதைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் இன்சூரன்ஸும் வந்துவிட்டது. கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"எங்க வீட்டம்மாவுக்கு ரொம்ப நாளா ஓட்டக் கத்துக்கணும்னு ஆசை. சேர்த்துக்குவீங்களா?"

"தாராளமா அனுப்புங்க. டெஸ்ட் எடுக்க மட்டும் வேற யாரையாவது போடுங்க" என்றார் அத்தை. இன்ஸ்பெக்டர் சிரித்ததை டிங்கர் அன்றுதான் பார்த்தான்.

வீட்டுக்கு அத்தைதான் ஓட்டினார். எஞ்சின் சீராக முனகியது. கடைத்தெரு தாண்டியதும் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"பின்கதவு லேசா ஆடுது மாப்பிள்ளை."

"நாளைக்குப் பார்த்துடறேன் அத்தை."

"நாளைக்கு வேண்டாம். காலையில ரெண்டு பேர் கிளாஸுக்கு வராங்க. இன்னிக்கு சாயங்காலமே வாங்க, சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்."