நெய் மணம் போகும் வழி

“ஆடிக்குப் போன மருமவ, ஆவணி பொறந்தும் வரலையாட்ட இருக்குதுங்களே அக்கா?”

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து உஷாராணி கேட்டாள். கேள்வியில் அக்கறை பாதி, ருசி பாதி. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த முத்தாயம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

“வருவா. எம்பையன் அடுப்படியில சிம்னி மாட்டறான். மாட்டுனதும் வருவா.”

“ஓ, சிம்னி மாட்டுனாத்தான் வருவேன்னு சொல்லிட்டாளாக்கும்?”

“நாந்தாண்டி மாட்டச் சொன்னேன்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு முத்தாயம்மாள் வீட்டுக்குள் போனாள்.

அவள் மகன் பூபதிக்கும் ரஞ்சிதாவுக்கும் தை மாதம் கல்யாணம். தலை ஆடிக்குப் பெண்ணைச் சேலம் அம்மாபேட்டையிலுள்ள அவளுடைய அம்மா வீட்டுக்கு அழைத்துப்போனபோது, ராசிபுரத்தில் அவர்கள் தெரு முழுக்க அதை வழக்கமான ஆடி அழைப்பு என்றே நினைத்தது. அதற்கு முந்தின வாரம் ரஞ்சிதா மூச்சு எடுக்க முடியாமல் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது வீட்டில் இருந்த மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். சின்ன வயதில் விட்டுப்போன வீசிங் இந்தச் சமையலறையில் அவளைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. உஷாராணி வீட்டில் மாடி எழுப்பியதிலிருந்து சமையலறை ஜன்னலுக்குக் காற்று கிடையாது. அடுப்பிலோ வாரத்தில் பாதி நாள் வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கும். முத்தாயம்மாளின் நெய்க்கு நாமக்கல் வரைக்கும் வாடிக்கை உண்டு. பொண்ணைப் புகையிலிருந்து தள்ளி வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தள்ளி வைக்க ஆடி மாதம் ஒரு சாக்காகக் கிடைத்தது.

இப்போது ஆடியும் முடிந்தது, சாக்கும் முடிந்தது.

“நான் வந்தா அத்தை நெய் உருக்கறதையே விட்டுருவாங்க. வராட்டி நீங்க ஒழுங்காச் சாப்பிட மாட்டீங்க. நான் என்னதாங்க பண்றது?” என்று ரஞ்சிதா போனில் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பூபதி கண்டுபிடித்த பதில்தான் சிம்னி.

பூபதி பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தான். கரண்டோடு விளையாடக்கூடாது என்பது அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது. அதனால் சேலத்துக் கடையிலிருந்து சிம்னி மாட்ட வந்த கலையரசனுக்கு அன்றைக்குப் பொழுது சுலபமாகப் போகவில்லை.

முதலில் சிலிண்டரைக் கழற்றிக் கொல்லையில் வைக்க வேண்டும் என்றான் பூபதி. பிறகு மெயினை அணைத்தான். சுவரில் கலையரசன் பேட்டரி டிரில்லை வைத்ததும், “அண்ணா, இருங்க இருங்க. கீழ சுவிட்ச் போர்டு இருக்குது பாருங்க. வயர் சுவத்துக்குள்ள நேரா மேலதான் போவும். ஒரு சாண் தள்ளிப் போடுங்க” என்றான்.

“உயரம் எவ்வளவுங்க வெக்கறது?”

“மேல வை சாமி. அண்டா மறைக்கும்” என்றாள் வாசற்படியில் நின்ற முத்தாயம்மாள்.

“ரொம்ப மேல வெச்சா புகைய இழுக்காதுங்கம்மா. கீழ வெச்சா தீ ஏறிப் புடிச்சுக்கும்.” பூபதி டேப்பை அடுப்பிலிருந்து பிடித்து இருபத்தெட்டு அங்குலத்தில் பென்சிலால் கோடு போட்டான். முத்தாயம்மாள் அந்தக் கோட்டையே பார்த்தாள். “சரி சாமி” என்றாள்.

தகராறு பிளக்கில்தான் வந்தது. பூபதி மெயினைத் திரும்பப் போட்டு, ஹோல்டரில் பல்பு மாட்டி, ஒரு முனையைப் பேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்துப் பார்த்தான். பல்பு எரியவில்லை. அப்பா காலத்து வயரிங். எர்த்துக்கு ஓட்டை மட்டும்தான் இருந்தது, உள்ளே வயர் இல்லை.

“அதுக்கென்னங்க, நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயர்ல சேத்துக் குடுத்தர்றேன். எத்தன ஊட்ல இப்படித்தான் ஓடுது” என்றான் கலையரசன், மணியைப் பார்த்தபடி.

“அண்ணா, நியூட்ரல் எங்கியாச்சும் விட்டுப்போச்சுன்னா சிம்னி உடம்பு பூராக் கரண்டு. ஈரக்கையோட அதைத் தொடப்போறது நீங்களா நானா?”

“கல்யாணமாயி ஒரு வருசங்கூட ஆவலைங்களா?” என்று கலையரசன் சிரித்தான். “அதான். எனக்குப் பத்து வருசமாச்சு. எங்க ஊட்டுக்கே எர்த்து கெடையாது.”

“மொத வேலையா உங்க ஊட்டுக்குப் போடுங்க. அக்கா பாவம்.”

எர்த்துக்காகக் கொல்லையில் குழி தோண்டினார்கள். குழாயை இறக்கிச் சுற்றிலும் கரியும் உப்பும் போட வேண்டும் என்று பூபதி உப்பு கேட்டபோது, முத்தாயம்மாள் ஜாடியோடு வந்து எட்டிப் பார்த்தாள். “கரியும் உப்புமா? இதென்ன கொழம்புடா சாமி?” என்றாலும், குழி காயாமல் தினம் தண்ணீர் ஊற்றும் வேலையைத் தானே ஏற்றுக்கொண்டாள்.

புகைக்குழாயைப் பின்சுவர் வழியாகக் கொல்லைக்கு விட்டார்கள். அதிகம் வளைக்காமல், நேராக. மழையும் குருவியும் உள்ளே போகாதபடி, வாய் கீழே பார்க்கும் மூடி ஒன்றை வெளியே மாட்டினான் பூபதி. எல்லாம் முடிந்து சிம்னியைப் போட்டதும் முத்தாயம்மாள் குங்குமம், எலுமிச்சம்பழம் சகிதம் கற்பூரத் தட்டைக் கொளுத்தி எடுத்து வந்து, ஓடுகிற சிம்னிக்கு நேர் கீழே நீட்டினாள். சுடர் நீண்டு மேலே எழும்பியது.

“ஐயோ அம்மா!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“புது மெசினுக்கு ஆரத்தி காட்டக்கூடாதா?”

“நிறுத்திட்டுக் காட்டுங்கம்மா. அது தீயக் குடிக்கப் பாக்குது.”

வெள்ளிக்கிழமை ரஞ்சிதா வந்தாள். வந்த கையோடு முகம் கழுவிக்கொண்டு, வரமிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டாள். பூபதி நிலைப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மிளகாய் கருகியது, கடுகு வெடித்தது, புகை ஒழுங்காக மேலே போய் மறைந்தது. ரஞ்சிதா இருமவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி திரும்பி அவனைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்க மூச்சு உடுங்க. எனக்கு நல்லாத்தான் இருக்குது.”

அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துக் குழி தோண்டலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

சந்தோஷம் அடுத்த நெய் நாள் வரைக்கும் தாங்கியது. ஒரு கல்யாண வீட்டுக்கு முத்தாயம்மாள் நெய் உருக்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் சிம்னி இரைந்தது. சாயங்காலம் பூபதி வந்தபோது அண்டா கொல்லையில் கிடந்தது. உள்ளே நெய் காப்பிக் கஷாயம் மாதிரி கறுத்திருந்தது. அம்மாவுக்கு நெய் முறுகி அவன் பார்த்ததே இல்லை.

“கைமறதி” என்றாள் முத்தாயம்மாள். கல்யாண வீட்டுக்கு வேறு வெண்ணெய் வாங்கப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் பூபதி சாப்பிட வந்தபோது வாசலிலேயே வெண்ணெய் உருகும் வாசனை அடித்தது. சிம்னி அணைந்திருந்தது. சமையலறைக்குள் ஆவி மண்டிக் கிடந்தது. முத்தாயம்மாள் அண்டாவுக்கு மேல் குனிந்து நின்றாள். மாடி அறையில் படுத்திருந்த ரஞ்சிதா, படி ஏறி வந்த ஆவியில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். மூச்சில் விசில் கேட்டது. பூபதி ஓடிப்போய் சிம்னியைப் போட்டான். அவளை முன்வாசலில் உட்கார வைத்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தான். அவளுக்கு மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகுதான் உள்ளே வந்தான்.

“ஏம்மா அணைச்சீங்க? அவ உசுரு பெருசா, நெய் பெருசா?”

முத்தாயம்மாள் அடுப்பின் பக்கம் திரும்பினாள். அடுப்பைத் தணித்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், ரொம்ப நேரம்.

“எனக்கு மணம் தெரியலடா சாமி.”

“என்னது?”

“நெய் பதம் எனக்குக் கண்ணுல தெரியாது. நொரைக்கு அடியில என்ன தெரியும்? சடசடங்கற சத்தம் அடங்கோணும், அடங்குனதும் ஒரு மணம் வரும். அப்ப முருங்கைத்தழையப் போட்டு எறக்கிருவேன். இந்த மெசினு சத்தத்தையும் முழுங்கிருச்சு, மணத்தையும் முழுங்கிருச்சு. குருடியாட்டம் நின்னேன். நேத்து கருகுனது அதான். இன்னிக்குக் கொஞ்ச நேரம் அணைச்சா போதும், அவ மேல தூங்கறா, தெரியாதுன்னு நெனச்சேன். எம்புள்ளையாட்டம் இருக்கறவளுக்கு நானே இப்படிப் பண்ணிட்டேன்.”

எர்த் பார்த்தான், அங்குலம் பார்த்தான், மழைக்கு மூடிகூடப் போட்டான். அம்மா எதை வைத்து நெய் காய்ச்சுகிறாள் என்று பூபதி கேட்கவே இல்லை.

“கேட்டிருந்தாச் சொல்லியிருப்பீங்கல்லம்மா?”

“சொன்னா மருமவ வர்றதுக்குத் தடை சொன்னாப்புல ஆயிருமே சாமி.”

ரஞ்சிதா நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். “அத்தை, நான் அம்மாபேட்டையிலயே கொஞ்ச நாள் இருக்கறேனுங்க” என்றாள் மெதுவாக. “கோவத்துல சொல்லல. உங்க கைப்பழக்கம் என்னால கெட வேண்டாம். கல்யாண சீசன் முடியட்டும்.”

“நீ போனீன்னா நான் அடுப்பையே பத்த வெக்க மாட்டேன்” என்றாள் முத்தாயம்மாள்.

இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்கிறார்கள். நடுவில் தன் வீடு காலியாகப் போகிறது என்று பூபதிக்குத் தெரிந்தது. கொல்லைக்குப் போனான். எர்த் குழி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

உட்கார்ந்ததும் மூக்கில் ஏறியது. பச்சை வெண்ணெயின் புளிப்பு மணம். நிமிர்ந்து பார்த்தான். தலைக்கு மேலே, வாயைக் கீழே கவிழ்த்துக்கொண்டு, குழாய் மூடி. அடுப்பில் அண்டா இன்னும் இருக்கிறது. சிம்னி ஓடுகிறது. உள்ளே காணாமல் போன மணம் முழுக்க இங்கே அவன் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா! இங்க வாங்க, சீக்கிரம்! ரஞ்சிதா, அடுப்பக் கொஞ்சம் கூட்டி வெச்சுட்டு அங்கியே நில்லு! சிம்னிய அணைச்சறாத!”

முத்தாயம்மாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “என்னடா, கரண்டு அடிச்சிருச்சா?”

“உக்காருங்க. மூச்ச இழுங்க.”

இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு தடவை இழுத்தாள். முகம் மெல்ல மாறியது. “இன்னும் தண்ணி இருக்குது” என்றாள் தனக்குத்தானே. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “கண்ணு, தீயக் கொஞ்சம் கம்மி பண்ணு! கிண்டாத, அடி கலங்கும்!”

“சரிங்க அத்தை!”

பூபதி பட்டறையிலிருந்து கொண்டு வந்திருந்த பழைய ஸ்டூலைப் போட்டான். முத்தாயம்மாள் அதில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மதிலுக்கு மேல் உஷாராணியின் தலை தெரிந்தது.

“ஏனுங்கக்கா, மாமியா வெளிய உக்காந்து கத்தறீங்க, மருமவ உள்ளார நிக்கறா. சண்டையா?”

“நெய் உருக்கறோம்டி.”

“வெளிய உக்காந்துட்டா?”

“மூக்கு இங்க, கை அங்க. சித்த நேரம் பேசாம இரு, மணம் கலையுது.”

உஷாராணி மதிலில் கையை ஊன்றிக்கொண்டாள். அவளும் மூக்கை உறிஞ்சுவது பூபதிக்குக் கேட்டது. புளிப்பு அடங்கி, கொல்லை முழுக்க ஒரு வறுத்த இனிப்பு பரவியது. முத்தாயம்மாள் ஸ்டூலில் இருந்து பாதி எழுந்தாள்.

“இப்ப! தழையப் போடு கண்ணு, எறக்கு!”

உள்ளே முருங்கைத்தழை பொரியும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரஞ்சிதா ஒரு கரண்டி நெய்யோடு பின்வாசலுக்கு வந்தாள். முகம் வேர்த்திருந்தது. மூச்சு அமைதியாக இருந்தது. முத்தாயம்மாள் கரண்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பொன் நிறத்தில் அடி தெரிந்தது.

“என்னிக்குங்க சேலத்து பஸ்சு ஏறறது?” என்று பூபதி ரஞ்சிதாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“வியாழக்கிழமை அடுத்த நெய்யாமுங்க” என்றாள் அவள். “கை இல்லாம அத்தை என்ன பண்ணுவாங்க?”

“சிம்னி வடிகட்டியக் கழட்டிக் கழுவோணும். நெய்ப்பிசுக்கு சேந்தா தீப் புடிக்கும். வாரா வாரம்” என்றான் அவன்.

“அது யார் வேலைங்க?”

“என் வேலைதான்” என்றான் பூபதி.

முத்தாயம்மாள் காதில் எதுவும் விழாதவள் போல, எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.